தேர்வு செய்க

ராஜாக்கமங்கலம் சந்தியில்
என் ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர்களில்
பெனிற்றா மட்டும்தான் கலைஞர்.
மற்றவர்களுக்கு ஆதார், சாதிச் சான்றிதழ்,
மாமியார் கேஸ் கட்டு.

அவள் தூரிகை பிடித்து நான் பார்த்ததில்லை.
"என்னதான் வரைவ?"
"வரையமாட்டேன் அண்ணா, யோசிப்பேன்."
யோசனைக்கு ஒரு பக்கம் இரண்டு ரூபாய்,
கலர் என்றால் பத்து.

முதலில் நாற்பது கவர் கொண்டுவந்தாள்.
எல்லாவற்றிலும் ஒட்ட ஒரே வாசகம்:
உள்ளே ஆரல்வாய்மொழிக் காற்று.
ஆடி பதினொன்று, மாலை நாலு மணி.
திறந்தால் தீர்ந்துபோகும்.
முப்பத்தொன்பது கொச்சிக்குப் போனது.
ஒன்று என் மேசை இழுப்பில் தங்கிவிட்டது,
மறந்தாளா விட்டுப்போனாளா தெரியாது.
கரண்டு போன ஒரு மத்தியானம் கிழித்துப் பார்த்தேன்.
பசை வாடை. வேறொன்றுமில்லை.
ஆனாலும் ஃபேன் நின்ற கடையில் கொஞ்சநேரம்
யாரையோ வெளியே அனுப்பிவிட்டதுபோல் இருந்தது.
இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.

அப்புறம் அந்த வீடு.

அழிக்காலில், கதவு எண் 4/117.
அப்பா கிளீட்டஸ் மஸ்கட்டில்
கூலிக்கு வலையிழுத்துக் கட்டியது.
முதலில் அடுக்களை போனது.
பிறகு சன்னல் வைத்த சுவர்.
ஓர் ஆனி இரவில் மிச்சமும்.
அலைக்குத் தடுப்புக் கல் ஏற்றிய லாரி
மூன்று வாரம் கழித்து வந்தது.

அவள் அழுதாளா என்று யாரும் சொல்லவில்லை.
மார்ச் மாதம் பேரூராட்சிக்குப் போய்
வீட்டுவரி கட்டினாள் என்றுதான் சொன்னார்கள்.
கம்ப்யூட்டரில் கதவு எண் இருந்தது.
கதவு இல்லையென்று அதற்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.
வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள்.
அடுத்த வருஷமும். அதற்கடுத்ததும்.
ஒன்பது ரசீது. அதுதான் படைப்பு.
லாமினேஷன் என்னுடையது,
"உப்புக்காத்து கேறப்பிடாது அண்ணா."

கொச்சியில் ஒரு வெள்ளைச் சுவரில்
அவை தொங்குவதைப் போனில் காட்டினாள்.
வெளிநாட்டுக்காரர் ஒருவர் குனிந்து
அபராதத் தொகையை வாசித்துக்கொண்டிருந்தார்.
காலதாமதத்துக்கு ஒன்பது ரூபாய்.
"இதுக்குப் பேரு என்னவாக்கும்?"
"கான்செப்சுவல்."
மீன் சருவத்தை வாசலில் இறக்கிவைத்த
அவள் அம்மை சொன்னாள்:
"கடலுக்குக் கரம் கெட்டுதா, கோட்டிக்காரி."
அதுவும் பொருத்தமான பேர்தான்.

பத்தாவது வருஷம் எல்லாம் ஆன்லைன் ஆனது.
கட்டட வகை: தேர்வு செய்க.
அம்பை அழுத்தினால் ஐந்து விழுந்தது.
கான்கிரீட். ஓடு. தகரம். ஓலை. காலிமனை.

"காலிமனை போடட்டா?"
"காலியா?"

கேட்ட விதத்தில்
மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.
"அப்பாக்க சைக்கிள் உள்ள கிடக்கு.
திருக்குடும்பப் படம் கிடக்கு.
அந்த இடத்தில கிளிமீன் கொத்துதுண்ணு
தங்கூசி போடுத பயலுவ சொல்லுதானுவ.
காலிண்ணு எப்பிடி அண்ணா போடுவிய?"

நேரம் முடிந்து திரை எங்களை வெளியே தள்ளியது.
மறுபடி நுழைந்தோம். மறுபடி அதே ஐந்து.
டி.சி. நகலுக்கு நின்ற பையன்
கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போனான்.
நாலாவது முறை சொன்னாள்,
"இப்பிடியே பிரிண்ட் எடுங்க."

உரிமையாளர்: கிளீட்டஸ்.
கதவு எண்: 4/117.
கட்டட வகை: தேர்வு செய்க.
மை தீருகிற நேரம், கீழ்ப்பாதி மங்கலாய் விழுந்தது.
இன்னொன்று எடுக்கப்போனேன்.
"வேண்டாம், இதுதான்" என்று
சூடு ஆறுமுன் எடுத்துக்கொண்டாள்.
கறுப்பு வெள்ளை. இரண்டு ரூபாய்.

இப்போது எங்கோ பனி பெய்யும் ஊரில் இருக்கிறாள்,
ஆறு மாதம், சாப்பாடும் தங்குமிடமும் அவர்கள் செலவு.
போன வாரம் 4/117-க்கு நோட்டீஸ் வந்தது.
தபால்காரர் கடற்கரைவரை போய்
கொஞ்சநேரம் நின்றுவிட்டுத் திரும்பிவந்து
என் கடையில் கொடுத்தார்.

இழுப்பில் வைத்திருக்கிறேன்.
ஓரம் கொஞ்சம் பசை விட்டிருக்கிறது.
அதன்மேல் பஞ்சிங் மிஷினை
ஏற்றிவைத்திருக்கிறேன்.